ஷின்ஜுகுவில் ராத்திரி நடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டோக்கியோவுக்கு டிக்கெட் போட்டவர்கள், போடலாமா என்று யோசிப்பவர்கள், ஆபீஸ் வேலையாகப் போய் ஒரு சாயங்காலம் மட்டும் கையில் கிடைத்தவர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்பதை ஒரே இடத்தில் போட்டு வைக்கிறேன். எல்லாம் ஷின்ஜுகுவைப் பற்றித்தான். அவசரத்தில் இருப்பவர்கள், தெருவில் நின்று கடைக்குக் கூப்பிடுபவர்களைப் பற்றிய பதிலை மட்டுமாவது படித்துவிட்டுப் போங்கள்.

டோக்கியோவில் இத்தனை இடம் இருக்க ஏன் ஷின்ஜுகு?

ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நாலைந்து ராத்திரி உலகங்கள் அங்கே பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. மேற்கே கண்ணாடிக் கோபுரங்கள், ரயில் பாதையை ஒட்டிப் புகை மண்டிய குச்சிக்கறிச் சந்து, கிழக்கே கபுகிச்சோவின் விளக்கு வெள்ளம், அதற்குப் பின்னால் எட்டுப் பேர் உட்கார்ந்தால் நிரம்பிவிடும் மரக்கட்டிட பார்கள், இன்னும் கொஞ்சம் தள்ளினால் கே, லெஸ்பியன் பார்கள் நிறைந்த நிச்சோமே. எல்லாம் சேர்த்து மூன்று கிலோமீட்டர் வந்தால் அதிகம். ராத்திரிக்குப் பேர்போன இன்னொரு வட்டாரமான ரொப்போங்கி எனக்குப் பிடிக்காது, அங்கே கிடைப்பது எந்தப் பெரிய ஊரிலும் கிடைக்கும்.

ஷின்ஜுகு இந்தத் தொழிலுக்குப் புதுசும் இல்லை. எடோ, அதாவது அந்தக் காலத்து டோக்கியோவிலிருந்து மேற்கே போகும் கோஷு நெடுஞ்சாலையில் வழிப்போக்கர்கள் தங்குவதற்காக 1698இல் நிறுவிய ஊர் அது. தங்குகிறவர்களுக்குச் சோறு, சாராயம், துணை என்று விற்றே வளர்ந்தது. 1718இல் அரசு இழுத்து மூடியது, 1772இல் மறுபடி திறந்துவிட்டது. 1885இல் ரயில் வந்தது, அப்புறம் அதை யாராலும் நிறுத்த முடியவில்லை.

எந்த வழியாக நடப்பது நல்லது?

மேற்கிலிருந்து கிழக்கே போங்கள். முதலில் டோக்கியோ மாநகர அரசின் இரட்டைக் கோபுரம், கென்சோ தாங்கே வடிவமைத்தது. 45ஆவது மாடியில், 202 மீட்டர் உயரத்தில், பார்வைத் தளம் இருக்கிறது, காசு கிடையாது. பையைச் சோதித்துவிட்டு லிஃப்டில் அனுப்புவார்கள். இருட்டுவதற்கு அரை மணி முன்னால் மேலே போய்விட்டால் ஊர் விளக்கேற்றிக்கொள்வதை முழுசாகப் பார்க்கலாம், குளிர்காலத்தில் வானம் தெளிவாக இருந்தால் மேற்கே ஃபுஜி மலையும் தெரியும். காசு கொடுத்துப் போகும் உயரமான இடங்கள் டோக்கியோவில் நிறைய உண்டு. இதைப் பார்த்தவர்களுக்கு அவற்றுக்குக் காசு கொடுக்க மனசு வராது.

அங்கிருந்து இறங்கி ஸ்டேஷனின் மேற்குப் பக்கம் வந்து, ரயில் பாதையை ஒட்டிய ஒமொய்தே யோகோச்சோ என்ற குச்சிக்கறிச் சந்துக்குள் நுழைந்து, மறுமுனையில் வெளியே வந்து ரயில் பாலத்துக்கு அடியில் கிழக்கே போனால் யாசுகுனி சாலை. இடது கையில் கபுகிச்சோ. அதைக் குறுக்காகக் கடந்தால் வட்டார அலுவலகச் சாலை, அதற்குப் பின்னால் சின்ன மரக்கட்டிட பார்கள் நிறைந்த கோல்டன் காய், அடுத்தது ஹனசோனோ கோயில். தெம்பு மிச்சமிருந்தால் யாசுகுனி சாலையைத் தாண்டித் தென்கிழக்கே நிச்சோமே. அங்கிருந்து ஷின்ஜுகு சான்சோமே என்ற சுரங்க ரயில் நிலையம் பக்கம், மறுபடி பெரிய ஸ்டேஷனுக்கு வரத் தேவையில்லை.

எத்தனை மணிக்குக் கிளம்புவது?

டிசம்பரில் நாலரைக்கே சூரியன் மறைந்துவிடும், ஜூனில் ஏழு மணி ஆகும். அதைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள். குச்சிக்கறிச் சந்துக்கு ஆறு மணிக்குள் போனால் இடம் கிடைக்கும், ஏழரைக்கு மேல் நிற்க வேண்டியதுதான். கோல்டன் காய் இதற்கு நேர்மாறு, ஒன்பதுக்கு முன்னால் போனால் பாதிக் கதவு மூடியிருக்கும். வெள்ளிக்கிழமை ராத்திரி கூட்டம் அம்மும். கூட்டம் பார்க்கத்தான் வந்தேன் என்றால் அன்றைக்கு வாருங்கள், உட்கார்ந்து நாலு வார்த்தை பேச வேண்டும் என்றால் செவ்வாய், புதன்.

ஷின்ஜுகு ஸ்டேஷனில் தொலைந்துவிடுவோம் என்கிறார்களே?

தொலைவீர்கள். ஒரு நாளைக்கு முப்பது லட்சத்துக்கும் மேல் ஆட்கள் புழங்கும் ஸ்டேஷன், வெளியேறும் வாசல் மட்டும் இருநூறுக்கு மேல். உலகத்திலேயே நெரிசல் மிகுந்தது என்ற பெயரும் அதற்குத்தான். ஆனால் 2020 ஜூலையில் கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் பொதுப் பாதையைத் திறந்துவிட்டார்கள், டிக்கெட் இல்லாமலே இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகலாம். உள்ளே குழம்பினால் எந்த வாசலிலாவது மேலே ஏறித் தெருவுக்கு வந்துவிடுங்கள். வெளியே கூகுள் மேப் வேலை செய்யும், பூமிக்கு அடியில் அது உளறும்.

ஒமொய்தே யோகோச்சோவில் என்ன சாப்பிடுவது, எப்படி உட்காருவது?

போர் முடிந்ததும் ஸ்டேஷனைச் சுற்றி முளைத்த கள்ளச்சந்தையின் மிச்சம் இந்தச் சந்து. 1945 ஆகஸ்ட் 15இல் ஜப்பான் சரணடைந்ததாக அறிவிப்பு வந்தது, 20ஆம் தேதியே ஷின்ஜுகுவில் சந்தை போட்டுவிட்டார்கள். அரிசிக்கும் கோதுமைக்கும் ரேஷன் இருந்த காலம், கட்டுப்பாட்டில் இல்லாதது குடலும் ஈரலும்தான். அதைக் குச்சியில் குத்திச் சுட்டு விற்றார்கள். இன்றைக்கும் அந்தச் சந்தில் பல கடைகளில் அதுதான் முக்கிய சரக்கு. 1999இல் தீப்பிடித்து ஒரு பகுதி எரிந்துபோனது, பழைய மாதிரியே திரும்பக் கட்டிக்கொண்டார்கள்.

இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் தோளைத் திருப்பிக்கொள்ள வேண்டிய அகலம். இரு பக்கமும் கவுண்டர், கவுண்டருக்கு அந்தப் பக்கம் கரி அடுப்பு, இந்தப் பக்கம் வரிசையாக ஸ்டூல், ஸ்டூலுக்குப் பின்னால் உடனே சுவர் அல்லது தெரு. சமைப்பவர் ஒரு கையால் விசிறிக்கொண்டே மறு கையால் பத்துப் பன்னிரண்டு குச்சிகளை வரிசையாகப் புரட்டுவார், பாதி வெந்ததும் கொத்தாக எடுத்துப் பக்கத்தில் இருக்கும் கறுத்த ஜாடிக்குள் முக்கி மறுபடி அடுப்பில் போடுவார், கொழுப்பு கரியில் சொட்டும்போது புகை நேரே உங்கள் முகத்துக்கு வரும். மறுநாள் போட வேண்டிய கோட்டை மாட்டிக்கொண்டு போகாதீர்கள், அந்த வாசனை லேசில் போகாது.

கடை வாசலில் நின்று எத்தனை பேர் என்று விரலைக் காட்டுங்கள். அவர்கள் கை காட்டும் ஸ்டூலில் உட்காருங்கள், நீங்களாகப் போய் உட்கார வேண்டாம். முதலில் குடிக்க என்ன என்று கேட்பார்கள், தலைக்கு ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பீர் வேண்டாம் என்றால் ஊலாங் டீ சொல்லலாம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். அப்புறம் குச்சி. மோமோ என்றால் தொடைக்கறி, நெகிமா என்றால் நடுவில் வெங்காயத்தண்டு வைத்தது, கவா தோல், ரெபா ஈரல், ஹாட்சு இதயம். உப்பா, சாஸா என்று கேட்டால் முதல் ரவுண்டுக்கு உப்பு என்று சொல்லுங்கள், கறி நல்லதா என்பது அதில்தான் தெரியும். பன்றி சாப்பிடாதவர்கள் கவனம்: இந்தச் சந்தில் பாதிக்குப் பாதி பன்றி உறுப்புகள், குச்சியில் இருப்பதெல்லாம் கோழி என்று நினைக்காதீர்கள். நாலைந்து குச்சியும் ஒரு பானமும் முடிந்ததும் எழுந்துவிடுவது மரியாதை, பின்னால் ஆள் நிற்பார்கள்.

நான் கேட்காத ஒன்றைச் சின்னக் கிண்ணத்தில் வைத்துவிட்டு பில்லிலும் போடுகிறார்கள். ஏமாற்றா?

இல்லை. ஒதோஷி என்பார்கள். இசகாயாக்களில், அதாவது குடியும் சாப்பாடும் சேர்ந்த கடைகளில், உட்கார்ந்ததற்கான கட்டணம் அது. 300 முதல் 500 யென் வரை வரும். அதற்குப் பதிலாக டிப்ஸ் என்ற தொல்லையே கிடையாது, மீதிச் சில்லறையை வைத்துவிட்டு வந்தால் தெருவில் ஓடிவந்து கொடுப்பார்கள்.

சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் என்ன செய்வது?

உண்மையைச் சொன்னால் கஷ்டம். குச்சிக்கடைகளில் ஷிஷிதோ மிளகாய், ஷிடாகே காளான், கிங்கோ கொட்டை எல்லாம் உண்டு, ஆனால் அதே அடுப்பு, அதே பிரஷ். டோஃபுவின் மேல் மீன் சீவலைத் தூவுவார்கள், காய்கறிக் கூட்டு போலத் தெரிவதிலும் மீன் வேகவைத்த சாறு இருக்கும். “நிகு மோ சகானா மோ தபெமசேன்” என்று சொன்னால் கறியும் மீனும் சாப்பிட மாட்டேன் என்று புரிந்துகொள்வார்கள், ஆனால் சாறு மீன் கணக்கில் வராது என்று நினைப்பவர்கள் அங்கே நிறையப் பேர். எடமாமே என்ற பச்சை சோயா, வறுத்த உருளைக்கிழங்கு, ஊறுகாய், சோறு, இவ்வளவுதான் நிம்மதியாகச் சாப்பிடலாம். கறாரான சைவர்கள் ஷின்ஜுகுவிலேயே ஏதாவது இந்திய உணவகத்தில் முடித்துக்கொண்டு நடையை ஆரம்பிப்பதுதான் புத்திசாலித்தனம். பக்கத்து ஸ்டேஷனான ஷின் ஒகுபோவில் இந்திய, நேபாள மளிகைக் கடைகளும் ஹலால் கடைகளும் ஒரு தெரு முழுக்க இருக்கின்றன.

இந்தியாவோடு சம்பந்தப்பட்ட கறி ஒன்று ஷின்ஜுகுவில் உண்டாமே?

உண்டு. கிழக்குப் பக்கம் நகமுராயா என்ற கடை. வைஸ்ராய் ஹார்டிஞ்ச் பிரபு மேல் 1912இல் டெல்லியில் குண்டு வீசிய வழக்கில் தேடப்பட்ட ராஷ் பிஹாரி போஸ் 1915இல் ஜப்பானுக்குத் தப்பி வந்தார். பிரிட்டிஷார் நெருக்கியதில் ஜப்பான் அரசு அவரை வெளியேற்ற உத்தரவு போட்டது. அப்போது தங்கள் ரொட்டிக் கடைக்குப் பின்னாலிருந்த கட்டிடத்தில் அவரை மாதக்கணக்கில் ஒளித்து வைத்தவர்கள் நகமுராயாவின் சோமா தம்பதி. பிறகு அவர்கள் மகள் தோஷிகோவைத்தான் போஸ் மணந்தார். 1927இல் நகமுராயா உணவகம் தொடங்கியபோது அவர் சொல்லிக் கொடுத்த கோழிக் கறி மெனுவில் ஏறியது, இன்னும் இருக்கிறது. 1943இல் சிங்கப்பூரில் இந்திய சுதந்திர லீகின் தலைமையை சுபாஷ் சந்திர போஸிடம் ஒப்படைத்தவர் இதே ராஷ் பிஹாரி. மலாயாவிலிருந்து ஐஎன்ஏவில், அதாவது இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்த தமிழர் குடும்பங்களில் வந்தவர்களுக்கு அந்தத் தட்டு வெறும் கறியாக இருக்காது. சீக்கிரம் போய்விடுங்கள், நடு ராத்திரிவரை திறந்திருக்கும் கடை அல்ல.

கபுகிச்சோவில் கபுகி நாடகம் பார்க்கலாமா?

பெயரைப் பார்த்து நிறையப் பேர் இதைக் கேட்கிறார்கள். 1945 குண்டுவீச்சில் சாம்பலான குடியிருப்புப் பகுதி அது. திரும்பக் கட்டும்போது கபுகி அரங்கம் ஒன்றைக் கொண்டுவருவது என்று திட்டம், அந்த நம்பிக்கையில் 1948இல் பெயரையும் வைத்துவிட்டார்கள், அரங்கம் மட்டும் வரவே இல்லை. பதிலுக்கு 1956இல் கோமா அரங்கம் வந்தது, பாட்டும் நாடகமுமாக 2008வரை ஓடியது. அது இருந்த இடத்தில்தான் இப்போது தோஹோ சினிமாக் கட்டிடம், 2015இல் திறந்தது, எட்டாம் மாடித் தளத்துக்கு மேல் காட்ஸில்லாத் தலை எட்டிப் பார்க்கும், குறிப்பிட்ட நேரங்களில் விளக்கோடு உறுமவும் செய்யும். பக்கத்தில் 2023இல் திறந்த கபுகிச்சோ டவர், 225 மீட்டர், உள்ளே சினிமா, ஹோட்டல், பாட்டுக் கச்சேரி அரங்கம், இரண்டாம் மாடியில் இரைச்சலான உணவுக்கூடம். மழை வந்தால் ஒதுங்கலாம், மற்றபடி உங்கள் சாப்பாட்டை அங்கே வீணாக்காதீர்கள்.

கபுகிச்சோ ஆபத்தான இடமா?

தெருவில் நடப்பது ஆபத்தில்லை. 2002இலேயே போலீஸ் கேமரா மாட்டிவிட்டது, நடு ராத்திரியிலும் ஆள் நடமாட்டம் குறையாது, கத்தியைக் காட்டிப் பிடுங்குகிற கதை அபூர்வம். இங்கே காசு போவது கதவுக்கு உள்ளே, அந்தக் கதவுக்கு உங்களை யாராவது கூட்டிக்கொண்டு போயிருப்பார்கள். அதனால் விதி ஒன்றே ஒன்றுதான்: போகும் கடையை நீங்கள் தேர்ந்தெடுங்கள், கூப்பிடுபவர் பின்னால் போகாதீர்கள்.

எப்படிக் கூப்பிடுவார்கள் என்று சொல்லிவிடுகிறேன். கபுகிச்சோ வாசலில் இருக்கும் சிவப்பு வளைவைத் தாண்டி இருபது அடி வைப்பதற்குள் ஒருவர் உங்கள் வேகத்துக்கே பக்கவாட்டில் நடக்க ஆரம்பிப்பார். ஆங்கிலத்தில் எந்த ஊர் என்பார், இந்தியா என்றால் “நமஸ்தே” வரும். இரண்டாயிரம் யென்னுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம் என்பார். நீங்கள் ஒரு கடையின் பெயரைச் சொல்லித் தேடினால் அது இன்றைக்கு நிரம்பிவிட்டது, எங்கள் கிளை பக்கத்தில் இருக்கிறது என்பார். கூட்டிப் போவது அநேகமாக லிஃப்டில் ஏறிப் போகும் ஒரு மாடி, கீழே தெருவில் மெனு இருக்காது. உள்ளே போனபின் பில்லில் மேசைக் கட்டணம், வார இறுதிக் கட்டணம், பின்னிரவுக் கட்டணம், சேவைக் கட்டணம் என்று ஒவ்வொன்றாக ஏறி, இரண்டாயிரம் இருபதாயிரமாகிவிடும், கார்டைக் கொடுத்தீர்கள் என்றால் அதற்கு மேலும் போகும். பானத்தில் எதையோ கலந்து கொடுத்து, நினைவு தப்பியவரிடமிருந்து கார்டை எடுத்துத் தேய்த்த வழக்குகளும் உண்டு. டேட்டிங் செயலியில் முதல் நாளே தனக்குத் தெரிந்த பாருக்குப் போகலாம் என்று ஒரு பெண் அழைத்தால், அதுவும் இதே வியாபாரத்தின் இன்னொரு வாசல்.

தெருவில் இப்படி ஆள் பிடிப்பதை ஷின்ஜுகு வட்டார நிர்வாகம் 2013இல் விதி போட்டுத் தடுத்தது. அவர்களை நம்பிப் போகாதீர்கள் என்று தெருவில் ஒலிபெருக்கியில் நாள்தோறும் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள், அந்த அறிவிப்புக்குக் கீழேயே நின்றுகொண்டு அவர்கள் ஆள் பிடிக்கிறார்கள். பதில் சொல்லாமல், வேகத்தைக் குறைக்காமல், முகத்தைப் பார்க்காமல் நடங்கள். வேண்டாம் என்று சொல்வதுகூடப் பேச்சின் ஆரம்பம்தான். நம் ஊரில் யாராவது பேசினால் பதில் சொல்லாமல் போவது மரியாதையில்லை என்று வளர்ந்தவர்கள், அங்கே அந்தப் பழக்கத்தைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வையுங்கள்.

இன்னொன்று. “இலவசத் தகவல் நிலையம்” என்று ஜப்பானிய எழுத்தில் பளிச்சென்று எரியும் போர்டுகள் மூலைக்கு மூலை இருக்கும். மொழிபெயர்ப்புச் செயலியைக் காட்டினால் சுற்றுலா அலுவலகம் மாதிரி தெரியும். அது வயது வந்தோருக்கான கடைகளுக்கு ஆள் அனுப்பும் இடம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வழி கேட்க உள்ளே போய்விடாதீர்கள்.

அப்புறம் மாடிப்படி. 2001 செப்டம்பர் 1 அன்று பின்னிரவில் இதே கபுகிச்சோவில் மியோஜோ 56 என்ற ஒடுங்கிய கட்டிடத்தில் தீப்பிடித்து 44 பேர் செத்தார்கள். இருந்தது ஒரே மாடிப்படி, அதிலும் சாமான்களை அடைத்து வைத்திருந்தார்கள். அதற்கப்புறம் தீயணைப்புச் சட்டத்தை இறுக்கிச் சோதனை போட்டார்கள், நிலைமை எவ்வளவோ மேல். இருந்தாலும் மேல் மாடிக் கடைக்குப் போகும்போது படிக்கட்டில் பெட்டியும் பீர் கிரேட்டும் அடுக்கியிருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள், இருந்தால் வேறு கடை.

மீறி மாட்டிக்கொண்டால்?

கார்டைக் கொடுக்காதீர்கள், ஏடிஎம்முக்கு அவர்களோடு போகாதீர்கள். முதலில் சொன்ன விலையைக் காட்டிப் பேசுங்கள், சரிவராவிட்டால் “கோபான்” என்று சொல்லி எழுந்திருங்கள். கோபான் என்றால் தெருவோரப் போலீஸ் சாவடி, கபுகிச்சோவுக்குள்ளேயே ஒன்று இருக்கிறது. அடி, மிரட்டல் என்று போனால் 110. போலீஸ் உங்கள் பில்லைக் கட்டாது, பல நேரம் இரண்டு பேரும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்லும், ஆனால் சாவடி வாசலில் நின்று பேசும்போது எதிராளியின் குரல் தானாக இறங்கும். பாஸ்போர்ட்டை ரூமில் வைத்துவிட்டு வராதீர்கள், சுற்றுலாப் பயணி எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம்.

கட்டிடமே மறையும் அளவுக்குப் பெரிய போர்டுகளில் சிரிக்கும் அந்த இளைஞர்கள் யார், நடிகர்களா?

ஹோஸ்ட் கிளப் ஊழியர்கள். பெண் வாடிக்கையாளர்களோடு உட்கார்ந்து பேசி, சிரித்து, விலை உயர்ந்த ஷாம்பெய்ன் வாங்க வைப்பதுதான் வேலை. அலங்காரமெல்லாம் பார்க்க வேடிக்கையாக இருக்கும், பின்னால் உள்ள கணக்கு வேடிக்கையில்லை. காசில்லாத பெண்களைக் கடனில் குடிக்கவைத்து, அந்தக் கடனைத் தீர்க்க உடம்பை விற்கும் தொழிலுக்குத் தள்ளுவது பெரிய பிரச்சினையாகி, 2025 ஜூனில் திருத்தச் சட்டம் அமலுக்கு வந்தது. வாடிக்கையாளரின் காதல் உணர்வைப் பயன்படுத்தி ஆர்டர் வாங்குவதே இப்போது தடை. விற்பனையில் நம்பர் ஒன், ஆண்டு விற்பனை இத்தனை கோடி என்று போர்டுகளில் போட்டுக்கொண்டிருந்த வரிகளையும் மறைக்க வைத்துவிட்டார்கள். முகங்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன.

தோஹோ கட்டிடத்தைச் சுற்றி வீட்டைவிட்டு வந்த பதின்வயதுப் பிள்ளைகள் கூட்டமாக உட்கார்ந்திருப்பதையும் பார்ப்பீர்கள். தயவுசெய்து அவர்களைப் படம் எடுக்காதீர்கள்.

கோல்டன் காயில் எந்த பாருக்குள் போவது?

இந்த நடையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். ஆறு சந்துகள், இருநூறுக்கும் மேல் பார்கள், எல்லாம் இரண்டு மாடி மரக்கட்டிடங்கள், பல கடைகள் 10 முதல் 15 சதுர மீட்டர்தான். ஸ்டேஷன் பக்கத்திலிருந்த கள்ளச்சந்தைக் கடைகளை அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகம் காலி செய்யச் சொன்னபோது இங்கே வந்தவர்கள் கட்டியது. 1958வரை மாடிகளில் உரிமமில்லாத விபசாரம் நடந்தது, அந்த வருஷம் தடைச் சட்டம் முழுசாக அமலானதும் பார்களாக மாறின. எழுத்தாளர்கள், சினிமாக்காரர்கள், பத்திரிகைக்காரர்கள் குடித்துச் சண்டை போட்ட இடம். 1980களில் நிலத்தின் விலை எகிறியபோது இதை வளைத்துப்போட ரியல் எஸ்டேட் ஆட்கள் மொய்த்தார்கள், தீ வைத்துவிடுவார்களோ என்ற பயத்தில் கடைக்காரர்கள் முறை வைத்து ராத்திரிக் காவல் இருந்தார்கள். அந்த விலைக் குமிழி உடைந்தது, சந்து பிழைத்துக்கொண்டது. 2016 ஏப்ரலிலும் ஒரு தீ விபத்து வந்து ஒரு பகுதியைத் தின்றது, சந்து இன்னமும் இருக்கிறது.

உள்ளே போகும் விதம் இப்படி. முதலில் எதிலும் நுழையாமல் ஆறு சந்தையும் ஒரு சுற்று சுற்றுங்கள். கதவிலோ சுவரிலோ உட்காருவதற்கான சார்ஜ் எவ்வளவு என்று எழுதியிருக்கும், 500 முதல் 1,500 யென் வரை. சில கடைகள் வெளிநாட்டவருக்கு சார்ஜ் இல்லை என்றே எழுதிப்போட்டிருக்கும், சில கடைகள் உறுப்பினர்களுக்கு மட்டும் என்று. இரண்டாவது ரகத்தைப் பார்த்துக் கோபப்படாதீர்கள், ஏழு ஸ்டூல் உள்ள கடையில் இருபது வருஷமாக வருகிறவருக்கு இடம் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். விலை எழுதாத கடை என்றால் கதவைத் திறந்து முதலிலேயே கேளுங்கள், நல்ல கடைக்காரர் யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

மேல் மாடிக் கடைக்குப் போகும் படி ஏணி மாதிரி செங்குத்தாக இருக்கும், இறங்கும்போது கைப்பிடியை விடாதீர்கள். கதவைத் திறந்ததும் உள்ளே இருக்கும் ஐந்தாறு பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பார்வையில் மிரண்டு ஓடிவிட வேண்டாம், இடம் இருந்தால் நகர்ந்து கொடுப்பார்கள். பையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும், கழிப்பறைக்குப் போக வேண்டுமானால் மூன்று பேர் எழுந்து வழிவிட வேண்டும், பேச்சு தானாக வந்துவிடும். ஒவ்வொரு கடைக்கும் ஒரு பைத்தியம் உண்டு: ஒன்றில் பங்க் இசை, ஒன்றில் பழைய திகில் படப் போஸ்டர், ஒன்றில் குதிரைப் பந்தயம். நாலு பேருக்கு மேல் கூட்டமாகப் போனால் எங்கேயும் இடம் கிடைக்காது, இரண்டு இரண்டாகப் பிரிந்துகொள்ளுங்கள். ஒரு கிளாஸை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் உட்காராதீர்கள், அந்த ஸ்டூல்தான் அவருடைய வருமானம்.

படம் எடுக்கலாமா?

கபுகிச்சோ விளக்குகளையும் காட்ஸில்லாவையும் இஷ்டம்போல எடுங்கள். கோல்டன் காய் சந்துகளில் படம் எடுக்காதே என்று போர்டு இருக்கும், கடைக்குள் என்றால் கேட்டுவிட்டுத்தான். நிச்சோமேயில் தெருவிலும் முகங்களை எடுக்கவே வேண்டாம். அது சின்னச் சின்ன கே, லெஸ்பியன் பார்கள் நூற்றுக்கணக்கில் அடைந்திருக்கும் வட்டாரம், ஆபீஸிலும் வீட்டிலும் சொல்லிக்கொள்ளாதவர்கள் நிம்மதியாக மூச்சுவிட வரும் இடம். எல்லோரையும் வரவேற்கும் பார்களும் உண்டு, ஆண்களுக்கு மட்டும், பெண்களுக்கு மட்டும் என்பவையும் உண்டு, வாசலில் கேட்டுவிட்டுப் போங்கள். வேடிக்கை பார்க்கிற மாதிரி கூட்டமாக நின்று கைநீட்டிச் சிரிப்பதானால் அந்தப் பக்கம் போகாமலே இருப்பது உத்தமம்.

பெண் தனியாகப் போகலாமா? குழந்தைகளோடு?

தனியாகப் போகலாம், போகிறார்கள். கவுண்டர் கடைகளில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவது ஆணுக்கும் பெண்ணுக்கும் அங்கே சாதாரணம். பேச்சுக் கொடுத்துப் பின்தொடர்பவர்கள் உண்டு, ஆள் பிடிப்பவர்களுக்குச் சொன்ன அதே வைத்தியம்தான். கிளாஸை வைத்துவிட்டு எழுந்து போகாதீர்கள், போனால் திரும்பி வந்து வேறு வாங்கிக்கொள்ளுங்கள்.

குழந்தைகளோடு என்றால் பார்வைத் தளம், காட்ஸில்லா, ஹனசோனோ கோயில், இத்தனையும் எட்டரைக்குள் முடித்துவிடுங்கள். குச்சிக்கறிச் சந்தில் தள்ளுவண்டி நுழையாது. இரவு 11 மணிக்கு மேல் 18 வயதுக்குட்பட்டவர்களை கரோக்கி, சினிமா எதிலும் விட மாட்டார்கள், பெற்றோர் கூட இருந்தாலும். குடிக்கும் வயது 20.

மொத்தம் எவ்வளவு செலவாகும்?

நடப்பதற்கு ஒன்றும் இல்லை. குச்சிக்கடையில் இரண்டாயிரம், கோல்டன் காயில் ஒரு கடைக்கு ஒன்றரை முதல் இரண்டாயிரம், சில்லறைச் செலவு ஆயிரம், ஆக ஐந்தாயிரம் யென்னில் நல்ல ராத்திரி. ஒரு யென் அரை ரூபாய்க்குக் கொஞ்சம் மேல் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நோட்டாகக் கையில் வைத்திருங்கள், சின்னக் கடைகளில் கார்டு வேலை செய்யாது, வேலை செய்யும் கடையில் கொடுக்கவும் நான் யோசிப்பேன்.

கடைசி ரயிலைத் தவறவிட்டால்?

பன்னிரண்டரையிலிருந்து ஒரு மணிக்குள் ரயில்கள் நின்றுவிடும், முதல் ரயில் நாலரை வாக்கில். பன்னிரண்டேகாலுக்கு ஸ்டேஷனை நோக்கி ஒரு ஊரே ஓடுவதைப் பார்ப்பீர்கள். டாக்ஸிக்கு முதல் ஒரு கிலோமீட்டர் வாக்கில் 500 யென், இரவு 10 முதல் காலை 5 வரை இருபது சதவீதம் கூடுதல், பத்து கிலோமீட்டர் போனால் ஐந்தாயிரம் பக்கம் வரும். ஹோட்டல் தூரம் என்றால் அதைவிடப் பெட்டி மாதிரி படுக்கை தரும் கேப்ஸ்யூல் ஹோட்டலோ, விடியவிடிய கரோக்கி அறையோ மலிவு. தெருவில் சிகரெட் பிடித்துக்கொண்டு நேரம் கடத்தலாம் என்று நினைக்காதீர்கள், ஷின்ஜுகு வட்டாரத் தெருக்களில் அதற்குத் தடை.

இன்னொரு ராத்திரியும் கிடைத்தால்?

யுராகுச்சோ ரயில் பாலத்துக்கு அடியில் இருக்கும் இசகாயாக்களுக்குப் போங்கள். தலைக்கு மேல் ரயில் போகும், பக்கத்து மேசையில் டை தளர்த்திய ஆபீஸ்காரர்கள், ஆள் பிடிப்பவர் தொல்லை கபுகிச்சோ அளவுக்கு இல்லை. ஷிபுயாதான் வேண்டும் என்றால் பெரிய சந்திப்பை ஒரு தடவை கடந்துவிட்டு, ரயில் பாதையோரம் இருக்கும் நோன்பேய் யோகோச்சோ என்ற சின்ன பார் சந்தில் உட்காருங்கள். ஒன்று மட்டும், 2024 அக்டோபரிலிருந்து ஷிபுயா ஸ்டேஷனைச் சுற்றித் தெருவில் குடிப்பது மாலை 6 முதல் காலை 5 வரை வருஷம் முழுக்கத் தடை, மஞ்சள் போர்டு போட்டிருப்பார்கள், ரோந்து ஆட்களும் வருவார்கள். கன்வீனியன்ஸ் கடையில் பீர் வாங்கினால் ரூமுக்குப் போய்த் திறங்கள்.